லோகுமில் ஜெலட்டின் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் 'டர்கிஷ் டிலைட்' என்ற துருக்கி இனிப்பைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எழுதியவர் இஸ்தான்புல் மசாலாச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணில் பட்ட நிறங்களையெல்லாம் ஆசையாக எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், ஜெலட்டின் கலந்திருப்பதால் சைவ உணவுக்காரர்கள் தவிர்ப்பது நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், உஸ்குதாரில் குடியிருக்கிறேன். கணவரின் வேலைக்காக வந்தோம். பிள்ளைகள் இங்கேயே பள்ளியில் சேர்ந்தார்கள். அப்படியே வேர் பிடித்துவிட்டது. முட்டைகூடத் தொடாதவள் நான். எந்தப் பண்டத்தைக் கையில் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது பழகிப்போய், நான் கேட்பதற்கு முன்பே அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வது சாதாரண லோகுமைத்தான். இங்கே அதற்கு லோகும் என்றுதான் பெயர். 'டர்கிஷ் டிலைட்' எல்லாம் பெட்டிமேல் வெளிநாட்டாருக்காக அச்சடிப்பது.

லோகுமில் இருப்பது சர்க்கரை, தண்ணீர், மாவுச்சத்து, கொஞ்சம் புளிப்பு. துருக்கியின் உணவு விதித்தொகுப்பில் லோகுமுக்கென்றே தனி அறிவிக்கை இருக்கிறது. அதுவும் இதைத்தான் சொல்கிறது. புளிப்புக்கு எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமோ, திராட்சையிலிருந்து வரும் டார்ட்டாரோ சேர்ப்பார்கள். நெய், எண்ணெய் எதுவும் கிடையாது. ஆகவே கட்டுரையில் சொன்னதுபோல அது 'துருக்கி அல்வா'வும் அல்ல. ஜெலட்டின் மாட்டின், பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. பன்றியை ஒதுக்கும் மக்கள் என்பதால் அந்தப் பேச்சே இந்த நாட்டில் எளிதில் மனம் புண்படும் விஷயம். குழந்தைகள் மெல்லும் ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட்டில்கூட 'மாட்டு ஜெலட்டின்' என்று தனியாக அச்சடித்திருப்பார்கள். வெளிநாடுகளில் வீட்டுச் சமையல் குறிப்புகளில் அவசரத்துக்கு ஜெலட்டின் போட்டு உறைய வைக்கிறார்கள். கட்டுரையாளர் அப்படி ஒன்றை எங்கோ படித்திருக்க வேண்டும்.

அவசரம் என்று சொன்னேன் அல்லவா, லோகுமின் ருசியே அவசரப்படாததில்தான் இருக்கிறது. சஃப்ரான்போலு என்ற ஊரில் ஒரு பட்டறையில் வாசலில் நின்று பார்க்க விட்டார்கள். பெரிய அண்டாவில் பாகும் மாவுச்சத்துக் கரைசலும் சேர்ந்து கொதிக்கிறது. இயந்திரத் துடுப்பு ஒன்று நிற்காமல் கிண்டுகிறது. முதலில் பால் நிறத்தில் கஞ்சி மாதிரி இருந்தது, நேரம் போகப் போகக் கண்ணாடிபோலத் தெளிகிறது. உஸ்தா, அதாவது தலைமைக் கைவினைஞர், அவ்வப்போது ஒரு மரக்குச்சியை விட்டுத் தூக்கிப் பார்க்கிறார். ஒழுகினால் ஆகவில்லை. நாடாவாக இறங்கி, அறுந்து, மேலே சுருங்கி ஏறினால்தான் ஆச்சு. கடிகாரத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புளிப்பு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: சர்க்கரையின் ஒரு பங்கை அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும், அப்போதுதான் பாகு திரும்பப் படிகமாகி நறநறக்காது. பிறகு மாவு தூவிய மரத்தட்டுகளில் ஊற்றி, மூடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் கவிழ்த்து, வெட்டி, பொடித்த சர்க்கரையும் மாவும் கலந்ததில் புரட்டியெடுக்கிறார்கள். அந்த வெள்ளைப் பொடி அலங்காரத்துக்கு அல்ல, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத்தான்.

நல்ல லோகுமை விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும்பும். கடித்தால் பல்லில் ஒட்டாது, பச்சை மாவு வாசம் வராது. சுற்றுலாக் கூட்டம் நெரியும் கடைகளில் கிடைக்கும் மலிவுப் பெட்டிகளில் பாதி இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அண்டாவை அரை மணி முன்னதாக இறக்கியிருப்பார்கள், வேறொன்றும் இல்லை.

இனி ருசிகள். கட்டுரையில் ரோஜாவோடு முடித்துவிட்டார்கள். ரோஜா முக்கியம்தான். தென்மேற்கே இஸ்பார்ட்டா என்று ஒரு மாகாணம், ரோஜாவுக்கே பேர்போனது. மே பாதியிலிருந்து ஜூன் வரை அங்கே பூ பறிப்பார்கள். அதுவும் விடிகாலையில், வெயில் ஏறி வாசனை எண்ணெய் பறந்துவிடுவதற்கு முன்னால். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் நாலு டன் பூ வேண்டும் என்கிறார்கள். லோகுமில் போடுவது எண்ணெய்தான் என்றால் துளிக்கணக்கு, பெரும்பாலும் பன்னீர்தான். நல்ல ரோஜா லோகும் வெளிர் சிவப்பில் இருக்கும், வாசனை மூக்கில் படுவதைவிடத் தொண்டையில்தான் தெரியும். பெட்டியைத் திறந்ததுமே சோப்பு வாசனை தூக்கினால் அதை மூடி வைத்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது ரோஜா அல்ல, சக்கிஸ். மாஸ்டிக் என்று வெளியே சொல்வார்கள். இது ஒரு மரப்பிசின். ஏஜியன் கடலில் கியோஸ் தீவின் தெற்குக் கிராமங்களில் விளைவது. துருக்கிக் கரையில் செஷ்மே ஊரில் நின்றால் எதிரே அந்தத் தீவு தெரியும். கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளை மண் தூவி, பட்டையில் சின்னச் சின்னக் கீறல் போடுவார்கள். பால் சொட்டுச் சொட்டாக இறங்கி மண்ணில் உறையும். அந்தத் துளிகளைப் பொறுக்கிக் கழுவிச் சுத்தம் செய்வது பனிக்காலம் முழுக்க நடக்கும் வேலை. இந்தப் பிசின் வளர்க்கும் அறிவை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தீவு கிரேக்கருடையது, லோகும் துருக்கியருடையது. அரசியல் எப்படி இருந்தாலும் பிசின் படகேறி வந்துகொண்டுதான் இருக்கிறது. சக்கிஸ் லோகுமைப் பார்த்தால் ஒன்றுமே சேர்க்காதது போல வெள்ளையாக இருக்கும். மென்றால் முதலில் இனிப்பு, பிறகு பைன் மரக் காட்டில் மூச்சு இழுத்தாற்போல ஒரு குளிர்ச்சி. சிலருக்கு இது மருந்து மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கும். என் பெரிய மகனும் அந்தக் கட்சிதான்.

பருப்பு வகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிஸ்தா தென்கிழக்கே காஸியான்தெப் பக்கத்தது. ஹேசல்நட் கருங்கடல் கரையில் கிரேசுன், ஓர்து மாகாணங்களிலிருந்து வருவது. உலகத்து ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் துருக்கியில்தான் விளைகிறது. பிஸ்தா நிறையப் போட்ட லோகுமில் 'சிஃப்டே கவ்ருல்முஷ்' என்று ஒரு ரகம் உண்டு. மற்றதைவிட அதிக நேரம் அடுப்பில் இருந்தது அது. இறுக்கமாக, லேசாகக் கருகின சர்க்கரையின் ருசியோடு இருக்கும். துண்டும் சின்னதாகத்தான் வெட்டுவார்கள். இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு வாங்கினால் பெரும்பாலும் இதைத்தான் வாங்குவார். கட்டுரையில் படம் போட்டிருந்த மாதுளைச் சிவப்பு உருளைகள், இதழ் ஒட்டியவை, சாக்லேட் சுற்றியவை எல்லாம் இருக்கட்டும். அவையும் ருசிதான், நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் எந்த வீட்டுக் காபித் தட்டிலும் அவற்றைப் பார்த்ததில்லை. சுல்தானின் வீரியம் கூட்டியது என்கிற பாணியில் சந்தையில் வைத்திருக்கும் பலகைகளைப் பற்றி எழுதாமல் விட்டதற்குக் கட்டுரையாளருக்கு நன்றி.

அஃப்யோன்கரஹிசார் வகையை விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். மேற்கு அனடோலியாவில் சாலைகள் கூடும் ஊர் அது. தெற்கே போகிற பேருந்துகள் அங்கே நிற்கும். இறங்கினவர்கள் கழிவறைக்குப் போகிறார்களோ இல்லையோ, லோகும் வாங்காமல் ஏறமாட்டார்கள். அந்த வட்டாரத்தில் கசகசா விளைகிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கசகசாப் புண்ணாக்கைத் தின்னும் எருமைகளின் பாலைக் காய்ச்சித்தான் அங்கே கய்மக் என்ற கெட்டி ஆடையை எடுப்பது. அந்த ஆடையை மெல்லிய லோகும் பாளத்துக்குள் வைத்துச் சுற்றி, துண்டு போட்டுத் தருவார்கள். இனிப்பும் பாலாடையும் சேர்ந்த அந்த வாய்க்கு ஈடில்லை. ஆனால் இது பயணத்துக்கு ஆகாது. குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். மற்ற லோகும்களை நேர்மாறாகக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கக்கூடாது. சஃப்ரான்போலு லோகுமில் குங்குமப்பூ. ஊரின் பெயரே அதனால் வந்தது. 1994 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த ஊரின் கல் பாவிய தெருவில், கடைக்குக் கடை தட்டு நீட்டி ஒரு துண்டு ருசி பார்க்கச் சொல்வார்கள். வாங்காமல் வந்தாலும் முகம் மாறாது.

வரலாறு பற்றி ஒரு வார்த்தை. உளியைப்போல் கெட்டியான மிட்டாய் கடித்துப் பல் உடைந்த சுல்தான் மென்மையான இனிப்பு கேட்டார், அதனால் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டி மூடியில் அச்சடிக்க நல்ல கதை. பெயர் தெரிந்த ஆள் என்றால் ஹாஜி பெகிர்தான். கஸ்தமோனு மாகாணத்து அராச் ஊரிலிருந்து இஸ்தான்புல் வந்து, 1777-இல் எமினோனு வட்டாரத்துப் பாஹ்செகாப்பியில் மிட்டாய்க் கடை போட்டதாக அவர் பெயரிலுள்ள நிறுவனம் சொல்கிறது. கடை இன்றும் எமினோனுவில் இருக்கிறது. புதுப் பள்ளிவாசலிலிருந்து நடக்கும் தூரம். ஆனால் மாவுச்சத்துச் சேர்த்து இறுகவைத்த இனிப்பு அரபு, பாரசீகச் சமையலறைகளில் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. தேனும் திராட்சைப் பாகும் போட்டுச் செய்தார்கள். சுத்திகரித்த சர்க்கரை கையில் வந்தபிறகு இன்றைய பளிங்கு உருவம் வந்தது. ஒட்டமான் ஆட்சி இருந்த இடமெல்லாம் இது தங்கிவிட்டது. போஸ்னியாவில் காபிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், கிரேக்கத்தில் சிரோஸ் தீவு இதற்குப் பேர்போனது, சைப்ரஸின் யெரோஸ்கிப்பு லோகுமுக்கு 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பே கொடுத்தது. அதைச் சொன்னால் எங்கள் தெரு மளிகைக்காரருக்கு இன்றும் கோபம் வரும். அவரிடம் நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கட்டுரையில் லோகும் ஒரு 'நினைவுப் பரிசு' என்று வருகிறது. விமான நிலையத்தில் மிச்சச் சில்லறைக்கு வாங்கிக்கொண்டு போவது. இங்கே வாழ்கிறவர்களிடம் அது அப்படி இல்லை. லோகுமைத் தனக்கென்று வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்பவர் குறைவு. அது வந்தவர் கையில் கொடுக்க இருப்பது.

எங்கள் மேல்மாடியில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். இந்த ஊர் வழக்கப்படி தெய்ஸே, சித்தி முறைதான், என்று கூப்பிடுவோம். அவர் என்னை 'மகளே' என்பார். நான் போய் நின்றால் முதலில் அடுப்பில் ஜெஸ்வே ஏறும்; நீண்ட கைப்பிடி வைத்த சின்னக் காபிப் பாத்திரம். காபி எனக்குச் 'சாதே', அதாவது சர்க்கரையே இல்லாமல். அதோடு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், சின்னத் தட்டில் இரண்டு லோகும். தண்ணீர் முதலில், வாயைக் கழுவ. பிறகு காபி. கசப்பு நாக்கில் நிற்கும்போது லோகுமில் ஒரு கடி. காபியிலேயே சர்க்கரை போட்டுக் குடிப்பவருக்கு இந்த வேடிக்கை தெரியாது. தெய்ஸேக்குச் சர்க்கரை நோய். கத்தரிக்கோலை மாவில் தொட்டு ஒரு லோகுமை நாலாக நறுக்கி, கால் பங்கை எடுத்துக்கொண்டு, மீதி முக்காலையும் என் தட்டில் தள்ளிவிடுவார். மருத்துவர் சொன்னதைக் கேட்டாயிற்று, விருந்தாளியையும் வெறுங்கையோடு விடவில்லை.

ரமலான் முடிந்து வரும் பெருநாள் மூன்று நாள். முதல் நாள் காலையிலேயே தெருப் பிள்ளைகள் வீடு வீடாகக் கதவு தட்டும். பெரியவர் கையை முத்தி நெற்றியில் ஒற்றிக்கொண்டால் இனிப்பு, சிலர் கையில் காசும். வீட்டுக்குள் வந்த பெரியவர்களுக்கு வேறு முறை: ஒருவர் கொலோன்யா புட்டியோடு சுற்றி வருவார், எலுமிச்சை வாசனைத் தண்ணீர், நீட்டின உள்ளங்கையில் ஊற்ற, தேய்த்துக்கொள்ள வேண்டும். அவர் பின்னாலேயே இன்னொருவர் தட்டோடு வருவார். உண்மையைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் ஜிகினாத்தாள் சாக்லேட்டைத்தான் முதலில் அள்ளுகின்றன. லோகும் பக்கம் கை போவது பாட்டி முறைத்துப் பார்க்கும் வீட்டில்தான். தெய்ஸே இரண்டையும் வைக்கிறார். எது முதலில் தீர்கிறது என்று பார்த்துவிட்டு உம்மென்று இருப்பார்.

சந்தோஷத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தை பிறந்தாலும், ஒருவர் இறந்து நாற்பதாம் நாளிலும், வீட்டில் மெவ்லித் ஓதுவார்கள். சுலேமான் செலெபி 1409-இல் புர்சாவில் எழுதிய நபி பிறப்புக் காவியம் அது. ஓதி முடிந்ததும் பன்னீர் தெளித்து, காகிதக் கூம்பில் மிட்டாயும் லோகுமும் போட்டுக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை விடும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் யாராவது ஒருவர் அட்டைப் பெட்டியோடு நிற்பதைப் பார்க்கலாம். அப்பா நினைவாகவோ, நேர்த்தி நிறைவேறியதற்காகவோ. பெட்டியில் இரண்டு சதுர பிஸ்கட்டுக்கு நடுவே அமுக்கிய லோகும். எடுப்பவர் யாருக்காக என்று விசாரிக்க மாட்டார். 'அல்லா கபுல் எட்சின்', இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு நகர்வார். ஒரு முறை அந்த வழியாகக் காய்கறிப் பையோடு போன என்னையும் நிறுத்தி நீட்டினார் ஓர் இளைஞர். புடவையைப் பார்த்ததும் அயலாள் என்று தெரிந்திருக்கும். பெட்டியைப் பின்னால் இழுக்கவில்லை. பிஸ்கட்டும் லோகுமும் சேர்ந்தால் பிஸ்கட் கொஞ்சம் நமத்து, லோகும் கொஞ்சம் உறுதியாகி, இரண்டுமில்லாத ஒன்றாகிவிடும். இந்த நாட்டில் கிராமத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதன் ருசியைச் சொல்வார்கள். பொன்நிறத் தாள் சுற்றின எந்தப் பெட்டியிலும் அது கிடைக்காது, விற்பனைக்கே வருவதில்லை.

பெண் கேட்டுப் போகும்போதும் இனிப்பு கொண்டுபோவார்கள். 'இனிப்பைத் தின்போம், இனிப்பாய்ப் பேசுவோம்' என்பது இங்கே எல்லோர் வாயிலும் வரும் சொலவடை. இப்போது அந்த இடத்தையும் சாக்லேட் வெள்ளித்தட்டு பிடித்துக்கொண்டது. அதைப் பற்றித் தெய்ஸேயிடம் கேட்டால் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டி வரும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்: ஜெலட்டின் பற்றிய வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இஸ்தான்புல் வழியாக விமானம் மாறுகிறவர்கள் நம்மில் நிறைய. சைவர்கள் பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் போதும். 'நிஷாஸ்தா' என்று இருந்தால் மாவுச்சத்து, 'ஜெலாட்டின்' என்று இருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடலாம். வெள்ளை நுகா மிட்டாயோ, உப்பிய வெண்ணுரை போன்ற அடுக்கோ சேர்ந்ததில் முட்டை வெள்ளைக்கரு இருக்கலாம், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். எடைக்கு நிறுத்துத் தரும் கடையாகப் பாருங்கள். 'சிஃப்டே கவ்ருல்முஷ்' பிஸ்தா கால் கிலோ, சக்கிஸ் கால் கிலோ என்று கேளுங்கள், வெட்டினது என்றைக்கு என்றும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். ஈரம் பட்டுப் பொடி கரைந்து, எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். உலர்ந்த இடத்தில், கொடுத்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
உஸ்குதார், இஸ்தான்புல்